கண்டல் மூலைக் காவல்

எங்கள் களப்பைக் காப்பாற்றியது ஊரின் ஒற்றுமை என்று மல்லாவியில் இருந்து வந்த தம்பி தன் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பொய் என்று சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஒற்றுமையாவது மண்ணாங்கட்டியாவது! அந்த ஒன்றரை வருடம் நாங்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டதுபோல் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. நான் என் கூடப்பிறந்த அண்ணனை நம்பவில்லை. இடம்பெயர்ந்து வந்த சனம் எங்களில் ஒருவரையும் நம்பவில்லை. மல்லாவித் தம்பியை எவருமே நம்பவில்லை, அவர் பாவம், அது தெரியாமல் எழுதிக்கொண்டே இருந்தார். களப்பு தப்பியது அந்தச் சந்தேகத்தால்தான். இதை நான் வெளியில் சொல்வதில்லை. சொல்லப்போனால் என் வீட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும்.

அது தொடங்கியது தொண்ணூற்றேழாம் ஆண்டு. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் ஊர். முன்னால் கடல், பின்னால் கடல்நீர் புகுந்து தேங்கும் களப்பு. கடலில் நேவி நின்றது, போனவர்களில் சிலர் திரும்பி வராத சண்டைக்காலம் அது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்க, முழு ஊரும் களப்புக்குள் இறங்கியது. எங்கள் ஊர் மட்டுமென்றால் களப்பு தாங்கியிருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டுக்கொண்டிருந்த சனமும் இறங்கியது. தோட்டம் செய்து பழகியவர்கள். வெங்காயம் நட்ட கையால் இறால் தடவப் பழகினார்கள். இறால் தடவுவதென்றால், தண்ணீருக்குள் குந்தியிருந்து இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டு, அகப்படுவதைப் பிடித்து இடுப்பில் கட்டிய பறிக்குள் போடுவது. எங்கள் பெண்களுக்கு அது கைவந்த வேலை. வந்த சனம் தடவியதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். மூன்று மாதத்தில் எங்களைவிடக் கூடப் பிடித்தார்கள், சிரிப்பு நின்றுவிட்டது.

இதற்கிடையில் மலேரியா. வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஏதோ ஒரு நிறுவனம் வந்து குடும்பத்துக்கு ஒரு நுளம்பு வலை கொடுத்துவிட்டுப் போனது. ஒரு கிழமைக்குள் பாதி வலை களப்புக்குள் கிடந்தது. இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகூடத் தப்பாது. கேட்டால், கூனி அள்ளுகிறோம் என்பார்கள். கூனி என்பது அதற்குமேல் வளராத பொடி இறால், அள்ளினால் பாவமில்லை. ஆனால் வலையில் வந்தது கூனியல்ல, நாளைக்கு உள்ளங்கை நீளத்துக்கு வளர வேண்டிய இறாலின் குஞ்சு. இடித்துச் சம்பல் போட்டோம். நாங்களும்தான் போட்டோம், ஏன் பொய் சொல்ல வேண்டும்? அடுத்த பருவத்தில் பறி நிரம்பவில்லை.

களப்பின் தெற்கு மூலையில் கண்டல் மரங்கள் நெருக்கமாக நின்றன. தண்ணீருக்குள் இறங்கிய அந்த வேர்களுக்குள்தான் குஞ்சுகள் ஒளிந்து வளரும். எங்கள் வீட்டுக்கு அந்த மூலை கூப்பிடு தூரம். வாடைக்காற்றில் களப்பு கலங்கி மற்ற இடமெல்லாம் ஒன்றும் அகப்படாத நாட்களில், அந்த மூலையில் தடவித்தான் நான் என் மகளுக்குக் கறி வைத்தேன். அதனால் அந்த மூலையைப் பற்றி எவர் வாய் திறந்தாலும் எனக்குக் காது நிமிரும்.

மல்லாவித் தம்பி வந்து வாய் திறந்தது அந்த மூலையைப் பற்றித்தான். அங்கே ஒரு நிறுவனத்தின் கந்தோரில் வேலை. ஒரு மூடி பெற்றோலை விட்டு உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டும் மோட்டார் சைக்கிளில் புகையோடு வந்து இறங்கினார். மாதா கோயில் வளவில் கூட்டம். எங்கள் சனம் ஒரு பக்கம், கொட்டில்காரர் மறுபக்கம், நடுவில் சுவாமியார்.

“இது உங்கட வளம். நீங்கள்தான் பாதுகாக்கவேணும்” என்றார் தம்பி.

“எங்கடயெண்டா இவர் ஏன் இவ்வளவு தூரம் வாறார்?” என்று பக்கத்தில் இருந்த என் கணவரிடம் கேட்டேன்.

“நீர் கொஞ்சம் வாயை வச்சுக்கொண்டு சும்மா இரும்” என்றார் அவர்.

நான் சும்மா இருந்தால் எங்கள் வீட்டில் சூரியன் உதிக்காது. எழும்பிவிட்டேன். “தம்பி, நுளம்பு வலையைத் தந்ததும் உங்கட ஆக்கள்தானே? இப்ப வலை போடாதையுங்கோ எண்டு சொல்லவும் நீங்களோ?”

“அது வேற நிறுவனம், அம்மா.”

“எங்களுக்கு என்ன தெரியும்? எல்லாரும் ஒரே மாதிரி மோட்டச்சைக்கிள்தானே ஓடுறியள்!”

இரண்டு பக்கமும் சிரித்தது. தம்பியும் சிரித்தார், அது எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்படாத மனிதனுக்குள் ஏதோ இருக்கிறது என்பது என் எண்ணம்.

கடைசியில் தீர்மானம் வந்தது. கண்டல் மூலைக்குள் இரண்டு வருடத்துக்கு எவரும் இறங்கக்கூடாது. வலையும் இல்லை, தடவுவதும் இல்லை, விறகுக்குக் கண்டல் வெட்டுவதும் இல்லை. நுளம்பு வலை களப்பு முழுக்கத் தடை. இதைப் பார்க்க ஒரு குழு, குழுவுக்குத் தலைவர் என் அண்ணன். சனம் கை தட்டியது. எனக்குக் கை எழும்பவில்லை. அப்பா கண் மூடியபோது வள்ளமும் வலையும் அண்ணனுக்குப் போனது. எனக்கு ஒரு அலுமாரி வந்தது, அதற்கும் ஒரு கதவு பூட்டாது. இப்போது கண்டல் மூலையும் அவருடைய கைக்குப் போகிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எரிச்சலை நான் அண்ணன்மேல் காட்டவில்லை, கொட்டில்காரர்மேல் காட்டினேன். மறுபடி எழும்பி, “இவை எத்தினை பேரெண்டு எங்களுக்குத் தெரியாது, முகமும் தெரியாது. பிழை விட்டவன் ஆரெண்டு பிடிக்க ஏலாது. வந்த சனத்திலை ஒராள் பிழை விட்டாலும் முழுச்சனமும் களப்பை விட்டு ஏறவேணும். அதையும் எழுதுங்கோ” என்றேன்.

“அது நியாயம்தான்” என்றார் அண்ணன். எங்கள் பக்கம் முழுவதும் ஓம், ஓம் என்றது.

கொட்டில் பக்கத்தில் ஒரு பெண் எழும்பினாள். என்னைவிட நாலைந்து வயது இளமை, இடுப்பில் ஒரு பிள்ளை, சேலையைப் பிடித்தபடி இன்னொன்று. “அக்கா, உங்கட ஆக்கள் பிழை விட்டா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“எங்கட ஆக்கள் விடாயினம்.”

“விட்டா?”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. “விட்டா அந்த வீடு ஒரு வருசத்துக்குக் களப்பிலை கால் வைக்கக்கூடாது. களப்பிலை பிடிச்சது ஒண்டும் அந்த வீட்டு அடுப்பிலை ஏறக்கூடாது. எழுதுங்கோ தம்பி, எழுதுங்கோ!”

தம்பி எழுதினார். அவர்கள் பிழை விட்டால் முழுச்சனத்துக்கும் தண்டனை, நாங்கள் விட்டால் ஒரு வீட்டுக்கு மட்டும். அது எவ்வளவு கோணல் என்று அவளுக்குத் தெரிந்தது, முகத்தில் கண்டேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள். அந்தச் சனத்துக்கு நிவாரண அரிசியோடு சேர்த்துத் தின்ன வேறு ஒன்றும் இல்லை. களப்பை இழந்தால் வெறும் சோறுதான். அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த கிழமை அண்ணன் மூலையைச் சுற்றித் தடி நட்டார். இடைக்கிடை ஒவ்வொரு தடியின் தலையிலும் சிவப்புத் துணி. இங்கேதான் எல்லாம் பிழையாகப் போனது. எங்கள் களப்பில் தடி நட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தடி நட்டு நிறுத்தி வைக்கும் களங்கட்டி வலைக்காரன், பருவம் தொடங்க முன்னம் போய்த் தடியை ஊன்றித் துணி கட்டிவிட்டால் அந்த இடம் அந்தப் பருவம் முழுக்க அவனுடையது. வேறொருவன் அதற்குள் வலை போட்டால் மண்டை உடையும். எல்லைக்குத் தடி நடுங்கள், துணி கட்டுங்கள் என்று மல்லாவித் தம்பி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு இது எங்கே தெரியப்போகிறது? அண்ணனுக்குத் தெரியாமல் இருக்குமா? மறுநாள் கிணற்றடியில் இதே கதைதான்: “தலைவர் மூலையைப் பிடிச்சிட்டார்!”

நேரே அண்ணன் வீட்டுப் படலைக்குப் போனேன். “என்ன அண்ணை, அப்பாவின்ர வள்ளம் காணாதெண்டு மூலையையும் எடுத்திட்டியளோ?”

“விசர்க்கதை கதையாதை பிள்ளை. அது எல்லைக்கு நட்டது.”

“எல்லைக்கெண்டா ஏன் உங்கட தடியை நட்டனீங்கள்?”

“அப்ப ஆற்றை தடியை நடுறது? ஊரிலை இவ்வளவு தடி என்னட்டைத்தானே கிடக்கு.”

“அதைத்தான் அண்ணை நானும் சொல்லுறன்!”

அவர் படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனார். மடியில் கனமுள்ளவன்தான் படலையைச் சாத்துவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் காவல். விற்பதற்கு இறால் அவித்துக் காயப்போடும் இடத்தை வீட்டு வளவிலிருந்து மாற்றி, மூலைக்கு நேர் எதிரே கரையில் போட்டேன். சாக்கை விரித்து இறாலைப் பரப்பிவிட்டுக் காகம் கலைக்கிற சாட்டில் விடிய இருந்து பொழுதுபடும்வரை இருந்தேன். அண்ணன் ஒவ்வொரு நாளும் சின்னத் தோணியில் வந்து தடிகளை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நான் அவருடைய கையைப் பார்ப்பேன், தோணிக்குள் ஏதும் மினுங்குகிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. நான் இருக்கிறபடியால்தான் எடுக்கவில்லை, எழும்பிப் போனால் அள்ளுவார் என்று இன்னும் இறுகி இருந்தேன்.

நான் என்ன பார்க்கிறேன் என்று பார்க்க மற்றப் பெண்கள் வந்தார்கள். இரண்டு நாளில் வேறு கதை கிளம்பியது. “உவா நல்ல இடம் பாத்துத்தான் காயப்போடுறா. மூலைக்குக் கிட்ட இருந்தாத்தானே கையை விட வசதி.” கதை என் காதுக்கு வரும் என்று தெரிந்தே கதைத்தார்கள். என்னைக் கண்காணிக்க அவர்களும் சாக்கைக் கொண்டுவந்து என் பக்கத்தில் விரித்தார்கள். பிறகு கொட்டில் பெண்ணும் வந்தாள். பிள்ளைகளைப் பூவரச நிழலில் இருத்திவிட்டு, களப்புக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்தபடி இருந்தாள்.

“களப்பு அங்கால கிடக்கு, பிள்ளை” என்றேன்.

“தெரியும் அக்கா. நான் உங்களைத்தான் பாக்க வந்தனான். எங்கட ஆக்கள் பிழை விட்டா நீங்கள் சொல்லுவியள். நீங்கள் விட்டா ஆர் சொல்லுறது?”

எனக்குச் சுரீரென்றது. ஆனால் அவளிடம் ஒரு மரியாதையும் வந்துவிட்டது, என் மாதிரி ஒரு ஆள் என்று. அடுத்த நாள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள், என் கையைப் பார்த்தபடியே குடித்தாள். இப்படியே மாதங்கள் போயின. மல்லாவித் தம்பி ஒருநாள் வந்து, கரை நெடுகப் பெண்கள் குந்தியிருப்பதைக் கண்டு வாயைப் பிளந்தார்.

“அருமை! இந்தக் கண்காணிப்பை ஆர் ஒழுங்கு செய்தது?”

“மாதா” என்றேன். அதையும் எழுதினாரோ தெரியாது.

இரவில் இரண்டு பக்க ஆண்களும் முறைவைத்துக் கரையில் படுத்தார்கள். மூலைக்கு எவரும் கண் வைக்காத நேரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஞாயிறு காலைப் பூசை. ஊரே கோயிலுக்குள் இருக்கும். கொட்டில்காரர் சைவ சமயம், அவர்களுக்குப் பூசை இல்லை. அவர்களுக்கும் ஞாயிறு காலையில் எங்களைக் காவல் காக்கத் தேவை இருக்கவில்லை, நாங்கள்தான் கோயிலுக்குள் அடைபட்டிருக்கிறோமே. இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்றைய ஞாயிறு பிரசங்க நேரம் ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். முன் வாங்கில் அண்ணனின் இடம் வெறுமையாக இருந்தது. அண்ணன் காய்ச்சலோடும் பூசைக்கு வருகிற மனிதன். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, சந்தோசத்தில் அடித்தது என்று சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ. மகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, முக்காட்டோடு பின்கதவால் இறங்கிக் கரைக்கு ஓடினேன்.

அண்ணன் தடிகளுக்கு உள்ளே, இடுப்பளவு தண்ணீரில் நின்றார். குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்.

“பிடிச்சிட்டன்!” என்று நான் போட்ட கூச்சலில் பிரசங்கம் நின்றது. “ஓடி வாங்கோ! தலைவரைப் பிடிச்சிட்டன்!” கோயிலில் இருந்து சனம் பொரிந்துகொண்டு வந்தது, சுவாமியாரும் உடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் வந்தார். சத்தம் கேட்டுக் கொட்டில்காரரும் வந்தார்கள், பிள்ளைகளோடு அவளும்.

அண்ணன் கரையேறினார். கையில் சேறு வடிய ஒரு நுளம்பு வலை. கண்டல் வேர்களுக்குள் மறித்துக் கட்டியிருந்த வலை அது. உள்ளே நகம் அளவு குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

“கோயிலுக்கு வாற வழியிலை கண்டனான். ஒரு தடி சரிஞ்சு கிடந்துது, வந்து பாத்தா இது” என்றார்.

“ஆற்றை வலை?” என்று யாரோ கேட்டார்கள்.

நான் அந்த வலையைப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் பச்சைத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தது. என் பழைய பாவாடைத் துணி. மகளின் படுக்கைக்குமேல் கட்டியிருந்தபோது பூனை பிறாண்டிக் கிழித்த இடத்தில் நான் போட்ட ஒட்டு. உடையார்கட்டு ஊரில் இருக்கும் தன் தங்கச்சியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அந்த வலையைக் கொடுத்தனுப்பியதாக என் கணவர் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் தையல் எனக்குத் தெரியாதா? சனத்துக்குள் அவரைத் தேடினேன். எல்லோருக்கும் பின்னால், களப்பைப் பார்க்காமல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டியிருந்த சாரத்தின் கீழ்க்கரை நனைந்திருந்தது.

அப்போது இன்னொன்றையும் கண்டேன். அண்ணன் வலையைச் சுருட்டினார். பச்சை ஒட்டு உள்ளே போகும்படி சுருட்டினார். சுருட்டிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார்.

“ஆற்றையெண்டு தெரியேல்லை” என்றார். “ஆனா... பூசை நேரம். எங்கட சனம் முழுக்கக் கோயிலுக்குள்ளை.”

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தைச் சனம் சொன்னது. “அப்ப இவைதான்!” “எழுதிக் கிடக்குத்தானே! முழுச்சனமும் ஏறவேணும்!” ஒருத்தி என் தோளைத் தட்டி, “நீதானேடி அண்டைக்கே சொன்னனி! உன்ர வாய்க்குச் சக்கரை போடவேணும்!” என்றாள். கொட்டில் பக்கத்தில், நாங்கள் இல்லை, சத்தியமாக நாங்கள் இல்லை என்று கத்தினார்கள். கொட்டில் பெண் மட்டும் கத்தவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேசாமல் நிற்கத்தான் நினைத்தேன். இதை ஒளிக்க மாட்டேன். ஒரு வருடம் களப்பில்லாமல் என்ன தின்பது? ஊருக்கு முன்னால் இந்த மனிதனின் முகம் என்னாகும்? பேசாமல் நின்றால் எல்லாம் தன்பாட்டில் முடிந்துவிடும். எனக்கு ஆத்திரத்தைக் கொண்டுவந்தது அண்ணனின் கையில் இருந்த அந்தச் சுருட்டல்தான். எத்தனை மாதம் இந்த மனிதர் களவெடுப்பார் என்று வெயிலில் காய்ந்தேன்! கடைசியில் என் கண்ணுக்கு முன்னாலேயே எடுக்கிறார். அவ்வளவு சனத்தின் சாப்பாட்டை எடுக்கிறார், எடுத்து என் மடியில் போடுகிறார். மாதாவே!

போய் வலையைப் பறித்தேன். அண்ணன் விடவில்லை. “பிள்ளை, வேண்டாம்” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். இழுத்த இழுப்பில் வலை விரிந்தது.

“இது என்ர வீட்டு வலை” என்றேன். “இந்தா, நான் தைச்ச ஒட்டு. பூசைக்கு முதலே கட்டின வலை. அந்தச் சனத்திலை பழி போடாதையுங்கோ.”

பின்னால் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தது கேட்டது. என் கணவர் ஒருவரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

வீட்டில் அவர் பாயில் சுவரைப் பார்த்துக் கிடந்தார். “ஊருக்கு முன்னாலை என்ர மானத்தை வாங்கிப்போட்டீர்.”

“மானம் இருந்தவர் ஏன் நுளம்பு வலையோட போனனீங்கள்?”

“பிள்ளைக்குத்தான் போனனான்” என்றார். “நீர் கரையிலை குந்தியிருந்து உம்மட அண்ணையைப் பாத்துக்கொண்டிருந்தீர். வீட்டிலை கறி எங்கயிருந்து வருகுதெண்டு ஒருநாளும் கேக்கேல்லை.”

ஞாயிறு மத்தியானங்களில் அவர் ஒரு கை இறால் குஞ்சு கொண்டுவருவார், சங்கக் கடையடியில் கூனி கிடைத்தது என்பார், நான் வறுப்பேன், மூன்று பேரும் சாப்பிடுவோம். ஊரெல்லாம் மோந்து திரிந்த நான் என் சட்டியை மோந்து பார்க்கவில்லை.

எழுதியபடி எங்கள் வீடு களப்பை விட்டு ஏறியது. அவர் நெல் வெட்டுக்கு மல்லாவிப் பக்கம் போய்விட்டார். நான் நிவாரணப் பருப்பையும் பூசணிக்காயையும் வைத்துச் சமாளித்தேன், வீட்டை விட்டு வெளியில் இறங்கவில்லை. பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும், கொட்டில் பெண் படலைக்கு வந்தாள்.

“ஏன் அக்கா கரைக்கு வாறேல்லை?”

“அங்கை எனக்கென்ன வேலை இனி?”

“பாக்கிற வேலை. எங்கட ஆக்கள் உங்களைத்தான் கேக்கினம். அண்டைக்கு உங்கட அண்ணை வலையைச் சுருட்டினதை நாங்களும் கண்டனாங்கள். அவரைப் பாக்க ஒராள் வேணும்.”

“ஏன், என்னிலை உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையோ?”

“இல்லை அக்கா” என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். “ஆனா கண்டா சொல்லுவியள். நானும் பக்கத்திலை இருந்து உங்களைப் பாப்பன்.”

போனேன். களப்பில் கால் வைக்காமல் கரையில் இருந்தேன். போன முதல் நாளே, அண்ணனின் தடிகளைப் பிடுங்க வேண்டும் என்று சண்டை தொடங்கினேன். வீட்டுக்கு ஒரு தடி, கொட்டிலுக்கு ஒரு தடி, அவரவர் துணியை அவரவர் கட்டட்டும் என்றேன். குழு முணுமுணுத்தது, ஆனால் நட்டது. நீலம், மஞ்சள், பூப்போட்ட சேலைக்கிழிசல் என்று மூலையைச் சுற்றி எல்லா நிறத்திலும் துணி பறந்தது. தடி நட்டவனுக்கு இடம் சொந்தம் என்பது எங்கள் வழக்கம். இப்போது எல்லோருக்கும் சொந்தம், ஆகவே எல்லோரும் காவல். தன் தடிக்குப் பக்கத்தில் ஒரு நீர்க்கோழி அசைந்தாலும் எழும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுத் தடி மட்டும் அதில் இல்லை. தண்டனை முடியும்வரை நட முடியாது என்று அண்ணனே சொன்னார்.

அடுத்த மாரி மழை விட்டபிறகு இறால் வந்தது. தடிகளுக்கு வெளியே, களப்பு நெடுக, பறி கிழிகிற அளவுக்கு வந்தது. சனம் சிரித்துக்கொண்டு தடவியது. அந்தப் பெண்ணும் தண்ணீருக்குள் இருந்து பறியைத் தூக்கி எனக்குக் காட்டினாள். எங்கள் வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்தக் கிழமைதான் மல்லாவித் தம்பி வந்து ஒற்றுமை என்று எழுதிக்கொண்டு போனதும்.

அன்று பின்னேரம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு எங்கள் வளவுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஓலைப்பை, அதற்குள் உயிர் இறால் சரசரத்தது.

“பிள்ளைக்குக் காய்ச்சிக் குடு.”

“வேண்டாம் அண்ணை. களப்பிலை பிடிச்சது இந்த வீட்டு அடுப்பிலை ஏறாது.”

“ஆரும் பாக்கேல்லை, நான் குறுக்கு ஒழுங்கையாலதான் வந்தனான்.”

“நீங்கள் கொண்டுவந்ததை நான் பாத்திட்டனே” என்றேன்.

அவர் பையைக் கீழே வைக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. நான் இவ்வளவு நாளும் கேட்காததைக் கேட்டேன். “அண்டைக்கு அந்த ஒட்டு என்ர எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“ஓம்.”

“நான் வாயைத் திறக்காட்டி அந்தச் சனத்தைக் களப்பை விட்டு எழுப்பியிருப்பியள்.”

வேலியைப் பார்த்தார். “எழுப்பியிருப்பன்” என்றார். “நீ என்ர தங்கச்சியெல்லே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வள்ளத்தைத் தராத மனிதர், கதவு பூட்டாத அலுமாரியைத் தந்த மனிதர், என்னில் இவ்வளவு பாசம் வைத்திருந்தாரா என்று அழுதேன். இவ்வளவு பாசம் வைத்திருக்கிற ஒருவரின் கையில் ஒரு ஊரின் சோற்றை விட்டு வைத்தோமே என்று பயத்திலும் அழுதேன்.

“கொண்டு போங்கோ” என்றேன். “நாளைக்கும் நான் கரையிலைதான் இருப்பன். உங்களைத்தான் பாத்துக்கொண்டிருப்பன், அண்ணை.”

அண்ணன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படலைவரை போய், அங்கே நின்று திரும்பினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“பார், பிள்ளை” என்றார். “நல்லாப் பார்.”